போர்டுக்கு வயசாச்சு... ஓ.எஸ்.ஸுக்கு இல்ல!

மூணு வருஷ மொபைலையே ‘பழசு’ன்னு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல தள்ளிவிடுற ஆளா நீங்க? அப்போ இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

1980-களின் கடைசியில் தயாரான ஒரு தொழிற்சாலை கம்ப்யூட்டர் போர்டு. அதற்கு 2024 மார்ச்சில் ரிலீஸான ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் சப்போர்ட் தருகிறது. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறதுக்காக இல்லை. பவர் கொடுத்தால் பூட் ஆகும், லாகின் கேட்கும், நெட்வொர்க்கில் சேரும். கொஞ்சம் பொறுமை வேணும், அவ்ளோதான்.

போர்டின் பெயர் எம்விஎம்இ 147. தயாரித்தது மோட்டோரோலா. ஓ.எஸ். பெயர் நெட்பிஎஸ்டி 10. காசு கொடுக்க வேண்டாம்; சோர்ஸ் கோடு முழுக்கத் திறந்தே கிடக்கிறது. இந்த ரெண்டு பேருக்கும் ஜாதகம் பார்த்துச் சேர்த்து வைக்கிற வேலைக்குப் பேர்தான் ‘போர்ட்டிங்’.

யாருப்பா இந்த 147?

1981-ல் மோட்டோரோலா, மாஸ்டெக், சிக்னெடிக்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ‘விஎம்இ பஸ்’ என்று ஒன்றை அறிவித்தன. ஐடியா சிம்பிள். ஒரு இரும்பு ரேக். அதில் வரிசையாக ஸ்லாட். ஒன்றில் பிராசஸர் போர்டு, அடுத்ததில் மெமரி, அதற்கடுத்து மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டு, சென்சார் படிக்கும் போர்டு... லைப்ரரி ஷெல்ஃபில் புத்தகம் செருகுவது மாதிரி செருகிக்கொண்டே போகலாம். ஒரு ரேக்கில் அதிகபட்சம் 21 ஸ்லாட். எந்த கம்பெனி போர்டும் எந்த கம்பெனி ரேக்கிலும் உட்காரும். 1987-ல் இதுவே ஐ.இ.இ.இ. 1014 என்ற ஸ்டாண்டர்டு ஆனது. தொழிற்சாலைகள், ஆராய்ச்சிக்கூடங்கள், ராணுவக் கருவிகள் என்று எல்லா இடத்திலும் விஎம்இ நுழைந்தது. 1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்துக்குள்ளேயும் விஎம்இ பஸ்தான்!

எம்விஎம்இ 147 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 233-க்கு 160 மில்லிமீட்டர் அளவு. ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகம். மோட்டோரோலா 68030 பிராசஸர். 25 மெகாஹெர்ட்ஸ் மாடல் உண்டு. ரேம் 4 எம்பியில் ஆரம்பித்து 32 எம்பி வரை. கவனிங்க, ஜிபி இல்லை, எம்பி. உங்க மொபைலில் 4 ஜிபி ரேம் இருந்தால், அது 4 எம்பி போர்டைப் போல 1,024 மடங்கு. அதே போர்டிலேயே ஈதர்நெட், ஸ்கஸி, சீரியல் போர்ட் எல்லாம் உண்டு. ஸ்கிரீன் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு சீரியல் கேபிள் வழியாகத்தான் பேச வேண்டும்.

எதுக்கு இந்த வேலை?

நியாயமான கேள்வி. ஐநூறு ரூபாய் மைக்ரோ கன்ட்ரோலர் இதைவிட வேகமாக ஓடும்போது, இதைப் போய்...?

ஒரு மெஷின் என்றால் போர்டு மட்டும் இல்லை. போர்டுக்குப் பின்னால் பல டன் இரும்பு, மோட்டார், அளவுக் கருவி எல்லாம் இருக்கும். இரும்பு நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேர் மூடிய சாஃப்ட்வேர். சோர்ஸ் கோடு கையில் இல்லை. எழுதின இன்ஜினீயர் ரிட்டயர்டு. கம்பெனியைக் கேட்கலாமா? மோட்டோரோலா 2004-ல் தன் சிப் பிரிவைத் தனியாகப் பிரித்து ஃப்ரீஸ்கேல் ஆக்கியது. 2015-ல் அதுவும் என்எக்ஸ்பியோடு இணைந்தது. போர்டு செய்த பிரிவை 2007-ல் எமர்சனுக்கு விற்க முடிவானது. 2014-ல் அது ஆர்ட்டெசின் என்று பேர் மாறியது. வீடு மாறிக்கொண்டே இருக்கிற ஆளுக்கு லெட்டர் போடுகிற கதை.

ஆக, போர்டு சாகிறது சிலிக்கான் தேய்ந்துபோய் இல்லை. அதைத் தெரிந்த ஆள் யாரும் இல்லாமல் போவதால். ஓப்பன் சோர்ஸ் ஓ.எஸ். இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. இந்த சிப்பை எப்படி எழுப்பணும், எந்த முகவரியில் எந்த ரிஜிஸ்டர் இருக்கு, எந்த பிட்டைத் தட்டினால் எது நடக்கும் என்ற விஷயமெல்லாம் ஒரு ஆளின் தலைக்குள் இல்லாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கோடாக இருக்கும். போர்ட்டிங்கின் நிஜ லாபம் அதுதான். ஓடுகிறது என்பது போனஸ்.

8085 கிட் ஞாபகம் இருக்கா?

இன்ஜினீயரிங் மக்களுக்கு மைக்ரோபிராசஸர் லேப் மறக்காது. ஹெக்ஸ் கோடைத் தட்டி, அட்ரஸ் கொடுத்து, ‘கோ’ அழுத்திவிட்டு, ஆன்ஸர் வருதா என்று சாமி கும்பிட்டிருப்பீர்கள். அந்த கிட்டுக்குள் ஒரு சின்ன மானிட்டர் புரோகிராம் இருக்கும், இல்லையா? 147 போர்டிலும் அதே சங்கதி. பேர் 147-பக். மெமரியைப் பார்க்கலாம், மாற்றலாம், புரோகிராமை இறக்கலாம், ஓட விடலாம். போர்ட்டிங் செய்கிறவருக்கு முதல் நாள் இருக்கிற ஒரே சிநேகிதன் இவன்தான்.

வேலை எப்படிப் போகும்? படிப்படியாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் கம்பைல். 32 எம்பி போர்டில் கர்னலைக் கம்பைல் பண்ண உட்கார்ந்தால் நரைத்துவிடும். அதனால் உங்க பிசியிலேயே 68030-க்கான பைனரியைத் தயாரிக்க வேண்டும். இதுக்குத்தான் ‘கிராஸ் கம்பைலர்’. நெட்பிஎஸ்டியில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட், கம்பைலரையும் உருவாக்கி, அதை வைத்துக் கர்னலையும் உருவாக்கித் தந்துவிடும்.

அடுத்து அதை போர்டுக்குள் இறக்கணும். சீரியல் கேபிள் வழியாக அனுப்பலாம். 9600 பாட் என்றால் விநாடிக்கு 960 பைட். 2 எம்பி கர்னலை ‘எஸ்-ரெக்கார்டு’ என்ற மோட்டோரோலா ஃபார்மேட்டில் ஹெக்ஸ் எழுத்துகளாக மாற்றும்போது சைஸ் ரெண்டு மடங்குக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தது 73 நிமிஷம்! படத்துக்குப் போய் இன்டர்வெல் பாப்கார்ன் வாங்குகிற நேரம். அதில் ஒரு வரி தப்பாகப் போனால், வரிக் கடைசியில் இருக்கும் செக்சம் காட்டிக்கொடுக்கும். திரும்ப முதல்லேருந்து. அதனால்தான் விவரமான ஆட்கள் சீக்கிரமே ஈதர்நெட்டுக்குத் தாவி, நெட்வொர்க் வழியாக பூட் செய்கிறார்கள். டிஸ்க்கே இல்லாமல், ஃபைல்கள் எல்லாம் உங்க பிசியில் இருக்க, போர்டு மட்டும் தனியாக ஓடும்.

அந்த முதல் எழுத்து

கர்னல் இறங்கியாச்சு. ஓட விட்டாச்சு. என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது. இருட்டு. கர்னல் எங்கே போய் முட்டி நின்றது என்று சொல்லக்கூட வாய் கிடையாது. அதனால் போர்ட்டிங் செய்கிறவர் முதலில் எழுதுவது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சீரியல் போர்ட்டில் ஒரே ஒரு எழுத்தை அனுப்பும் நாலு வரிக் கோடு.

147-ல் அந்த வேலையைச் செய்வது ஜைலாக் 8530 சிப். லேபில் 8251 பார்த்தவர்களுக்கு இவர் பெரியப்பா மகன் மாதிரி. ஒரே முகவரியில் முதலில் ரிஜிஸ்டர் நம்பரை எழுதணும், அப்புறம் மதிப்பை எழுதணும். வரிசை தப்பினால் சிப் வேற எதையோ செய்யும். சரியாகச் செய்து டெர்மினலில் ‘ஏ’ என்று ஒரு எழுத்து வந்துவிட்டால், அதுக்கப்புறம் நீங்க குருடர் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தை எழுத வைத்து, எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டே போகலாம்.

அடுத்த கண்டம், எம்எம்யூ. மெமரி முகவரிகளை மாற்றிக் காட்டுகிற பகுதி. இதை ஆன் செய்கிற விநாடி இருக்கிறதே... தெருவில் நீங்கள் நடந்து போகும்போதே எல்லா வீட்டு நம்பரையும் மாற்றிவிட்டால் எப்படி இருக்கும்? அதேதான். அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் எந்த முகவரியில் இருக்கிறது என்று பிராசஸர் தேடும்போது, அது அங்கே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இருட்டு. 68030-ல் இதுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ‘இந்த முகவரிகளை மட்டும் மாற்றாதே, அப்படியே விடு’ என்று சொல்ல ரெண்டு ஸ்பெஷல் ரிஜிஸ்டர். சிலபஸில் ‘விர்ச்சுவல் மெமரி’ என்று அஞ்சு மார்க் கேள்வியாக வருவது, இங்கே உயிர் போகிற பிரச்னையாக வரும்.

அப்புறம் டைமர், இன்டரப்ட், ஈதர்நெட், ஸ்கஸி என்று ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு டிரைவர்

இத்தனை சிப்புக்கும் புதுசாக டிரைவர் எழுதணுமா? இல்லை. நல்ல சேதி இங்கேதான்.

147-ல் இருக்கும் ஈதர்நெட் சிப் ஏஎம்டியின் ‘லான்ஸ்’. அதே சிப்பை சன், டெக் வொர்க்ஸ்டேஷன்களிலும் போட்டிருக்கிறார்கள். ஸ்கஸி சிப் டபிள்யூடி 33சி93. அது அமிகா 3000-லும் உண்டு, சிலிக்கான் கிராஃபிக்ஸ் மெஷின்களிலும் உண்டு. ஜைலாக் 8530? பழைய மேக்கின்டாஷில் இருந்ததே அதுதான். ஆக, போர்டு புதுசு. உள்ளே இருக்கும் ஆட்கள் பழைய ஆட்கள். நெட்பிஎஸ்டிக்காரர்கள் டிரைவரை ரெண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிப்பைப் பற்றிய அறிவு ஒரு பக்கம், அந்த சிப் இந்த போர்டில் எப்படி ஒயர் பண்ணியிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். புதுசாக எழுத வேண்டியது ரெண்டாவது பகுதி மட்டும்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹார்டுவேர் வகைகளில் ஒரே ஓ.எஸ். ஓடுவதன் ரகசியம் இதுதான். இப்படிப் பிரிச்சு எழுதுறதைக் கத்துக்கிட்டா, நாளைக்கு நீங்க எழுதுற வெப் புராஜெக்டுக்கும் உதவும்.

அதுக்காக எல்லாம் ஈஸி என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த மாடல் எம்விஎம்இ 167-ல் மோட்டோரோலா 68040 பிராசஸரோடு இன்டெலின் 82596 ஈதர்நெட் சிப்பைச் சேர்த்தார்கள். மோட்டோரோலா எண்ணை முன்னாலிருந்து அடுக்கும். இன்டெல் பின்னாலிருந்து அடுக்கும். மாமியார் வீட்டுப் பழக்கத்துக்கு மருமகள் பாதிதான் மாறினாள் என்பது மாதிரி, 82596 மோட்டோரோலா முறைக்கு மாறினாலும் முழுசாக மாறாது. 12345678 என்ற முகவரியை 56781234 என்று பாதியாக வெட்டி, இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். லினக்ஸ் டிரைவரில் இதுக்கென்றே குட்டி மேக்ரோக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை முதலில் கண்டுபிடித்தவர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாரோ!

பேட்டரி தரும் தலைவலி

ஹார்டுவேர் பக்கமும் ஒரு சோதனை உண்டு. 147-ல் கடிகாரத்தையும், போர்டின் ஈதர்நெட் முகவரியின் கடைசி மூணு பைட்டையும் ஒரு சின்ன சிப் ஞாபகம் வைத்திருக்கும். அந்த சிப்புக்கான லித்தியம் பேட்டரி சிப்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது. வாட்ச் செல் மாதிரி கழற்றி மாட்ட முடியாது. பேட்டரி தீர்ந்தால் போர்டுக்கு நாளும் தெரியாது, தன் பேரும் தெரியாது. சிப்பையே மாற்றணும், இல்லையென்றால் மேலே அறுத்து வெளியிலிருந்து பேட்டரி கொடுக்கணும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த ஈசிஇ நண்பன் ஒருத்தன் கூட இருப்பது நல்லது.

யார் கைவிட்டால் சாகும்?

2018 ஜூனில் வந்த லினக்ஸ் 4.17-ல் எட்டு பிராசஸர் குடும்பங்களுக்கான கோடைத் தூக்கிவிட்டார்கள். கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் வரி. அதில் ‘டைல்’ என்ற குடும்பம் லினக்ஸுக்குள் வந்ததே 2010-ல்தான். எட்டே வருஷத்தில் காலி! 1996-லேயே லினக்ஸில் இடம்பிடித்த 68000 குடும்பமோ தப்பிவிட்டது. ஏன்? டைலைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. 68000-க்கு இருந்தார்கள். கம்பெனி சம்பளம் கொடுத்ததால் இல்லை. வீட்டு டேபிளில் அமிகா, மேக், விஎம்இ போர்டு வைத்திருக்கும் ஆர்வலர்கள் ஒவ்வொரு புது கர்னலையும் ஓட்டிப் பார்த்து, உடைந்தால் பேட்ச் அனுப்பிக்கொண்டே இருந்ததால்.

ஆனால் இவர்களுக்கும் ஒரு கண்டம் வந்தது. 2019-ல். ஜிசிசி கம்பைலர் தன் உள்கட்டமைப்பில் ஒரு பழைய முறையைக் கைவிட முடிவு செய்தது. அந்த முறையை நம்பியிருந்த பிராசஸர்களில் 68000 குடும்பமும் ஒன்று. யாராவது புது முறைக்கு மாற்றி எழுதாவிட்டால், கம்பைலரிலிருந்தே வெளியே. கம்பைலர் போனால் லினக்ஸ் போச்சு, நெட்பிஎஸ்டி போச்சு, எல்லாமே போச்சு. கம்பைலரின் உள்குடலைத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம் பேர். ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்குக் கொஞ்சம் என்று காசு போட்டுப் பரிசுத் தொகை அறிவித்தார்கள். அதே வருஷ நவம்பரில் வேலை முடிந்தது. 2020-ல் வந்த ஜிசிசி 10-ல் 68000 ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. 2021-ல் எல்எல்விஎம் கம்பைலரிலும் சோதனை முயற்சியாக இடம் கிடைத்தது. 1979-ல் பிறந்த பிராசஸர் குடும்பத்துக்கு 42 வயசில் புது கம்பைலர்!

ஒரு எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, இன்டர்ன்ஷிப் போன ஃபேக்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் திறந்துவிடாதீர்கள். நெட்பிஎஸ்டி, லினக்ஸ் எல்லாம் பொதுப் பயன்பாட்டு ஓ.எஸ். ‘இந்த மோட்டாரை சரியாக இத்தனை மைக்ரோ விநாடிக்குள் நிறுத்து’ என்றால் கேரண்டி கிடையாது. அதுக்கு ரியல் டைம் ஓ.எஸ். வேணும். ஓப்பன் சோர்ஸில் ‘ஆர்டெம்ஸ்’ உண்டு. அதுவும் 147, 162, 167 போர்டுகளுக்கு சப்போர்ட் தந்திருக்கிறது.

அதிலும் சூதானமாக இருக்கணும். பாத்ஃபைண்டரில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல் டைம் ஓ.எஸ். செவ்வாயில் இறங்கியபின் கம்ப்யூட்டர் தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது. அவசரமில்லாத வேலை ஒன்று ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்ள, ரொம்ப அவசரமான வேலை வெளியே காத்துக் கிடந்தது. உங்க ஓ.எஸ். பேப்பரில் வரும் ‘பிரையாரிட்டி இன்வர்ஷன்’ இதுதான். பூமியிலிருந்தே ஒரு செட்டிங்கை மாற்றி அனுப்பிச் சரிசெய்தார்கள்.

ஆரம்பிக்கணுமா? இதோ ரூட்

* போர்டு தேடி அலைய வேண்டாம். கியூஎம்யூ எமுலேட்டரில் 68040 கொண்ட மேக்கின்டாஷ் குவாட்ரா 800 இருக்கிறது. அதில் லினக்ஸை பூட் செய்து பாருங்கள். செலவு பூஜ்யம்.

* நெட்பிஎஸ்டி சோர்ஸை இறக்கி, உங்க பிசியில் எம்விஎம்இ கர்னலை கிராஸ் கம்பைல் செய்யுங்கள். பைனரி வந்ததும் டிஸ்அசெம்பிள் செய்து முதல் அம்பது வரியைப் படியுங்கள்.

* ஜைலாக் 8530 டேட்டாஷீட்டை ஒரு பக்கம், அதன் டிரைவரை மறு பக்கம் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் இது.

* உங்க காலேஜ் லேபில் ஓரங்கட்டின பழைய கிட் இருக்கா? ஸ்டாஃபிடம் பர்மிஷன் கேட்டு, அதில் ஒரு எழுத்தை சீரியல் போர்ட்டில் அனுப்பிப் பாருங்கள். அங்கேருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

கடைசியாக ஒரு தேதி. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. 1970 முதல் விநாடிகளை எண்ணிக்கொண்டே வரும் 32 பிட் யூனிக்ஸ் கடிகாரங்கள் அதுவரைதான் எண்ணும். அதுக்கடுத்த விநாடி, 1901-க்குத் திரும்பிவிடும். 2012-ல் வந்த நெட்பிஎஸ்டி 6.0 நேரக் கணக்கை 64 பிட்டாக மாற்றியது, பழைய 32 பிட் போர்டுகளுக்கும் சேர்த்தே. 32 பிட் கர்னலுக்கான வேலையை லினக்ஸ் 2020-ல் 5.6 வெர்ஷனில் முடித்தது. அதனால் அன்னிக்குக் காலையில், மூடிய சாஃப்ட்வேரோடு பூட்டிக் கிடக்கும் எத்தனையோ கருவிகள் முழிக்கும்போது, அம்பது வயசு 147 போர்டு ஒன்று எங்கேயாவது ஒரு டேபிளில் சரியான நேரம் காட்டிக்கொண்டிருக்கலாம்.

அதுவரைக்கும் யாராவது பேட்ச் அனுப்பிக்கிட்டே இருக்கணும். அந்த லிஸ்ட்ல உங்க பேரும் இருந்தா எப்படி இருக்கும்? அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!